மொதல்ல மூச்சை எண்ணுங்க

வாசகர் கேள்விக்கு டாக்டரம்மா பதில்

போன தடவை இந்தப் பக்கத்துல சர்ஜரி வார்டுல படிக்கிற பசங்களைப் பத்தி ரெண்டு வரிதான் எழுதினேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தா பாதி மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ், மீதி அவங்களைப் பெத்தவங்க, அவங்க கையால ஊசி போட்டுக்கிட்டவங்க. அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே எடுத்துக்கறேன், மத்த கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: மேடம், நான் மூணாவது வருஷம். மொதல் தடவை தியேட்டருக்குள்ள போனேன், ஹெர்னியா ஆபரேஷன். கத்தி வைக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகல, ரத்தம் நிக்கறதுக்கு சூட்டால பொசுக்கற காட்டரி போட்டு அந்தக் கருகின வாசனை வந்ததும் காது அடைச்சு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, முழிச்சுப் பார்த்தா வெளியே ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கேன். பேட்ச்ல எல்லாரும் சிரிக்கறாங்க. சின்ன வயசுலேர்ந்து சர்ஜன் ஆகணும்னு ஆசை. எனக்கு இது சரிப்பட்டு வருமா?

பதில்: வரும்மா, நல்லாவே வரும். மயங்கி விழுந்துட்டு பின்னாடி நல்ல சர்ஜன் ஆனவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். நடந்தது என்னன்னா, காலையில சாப்பிடாம ஓடி வந்திருப்பீங்க, மாஸ்க் கட்டி கவுன் போட்டு லைட்டுக்குக் கீழ அசையாம நின்னா ரத்தம் எல்லாம் கால்ல தேங்கி நிக்கும், அந்த நேரம் பாத்து வாசனையோ ரத்தமோ வந்து மனசைக் கலக்கினா இதயத் துடிப்பு குறைஞ்சு ரத்தக் குழாய் விரிஞ்சு பி.பி. படக்குன்னு இறங்கிடும், மூளைக்கு ரத்தம் சில செகண்ட் பத்தல, அவ்வளவுதான். இதுல தைரியம் கோழைத்தனம் எல்லாம் எங்கேயும் வரல.

அடுத்த தடவை கண்டிப்பா சாப்பிட்டுட்டு, தண்ணி குடிச்சுட்டுப் போங்க. நிக்கும்போது கால் விரலை அசைங்க, ஆடுசதையையும் தொடையையும் இறுக்கி இறுக்கி விடுங்க. கொட்டாவி, குப்புன்னு வேர்வை, காதுல ஙொய்னு சத்தம், இதுல எது வந்தாலும் "எனக்கு தலை சுத்துது" ன்னு வாயைத் திறந்து சொல்லிட்டு, டேபிள்லேர்ந்து ரெண்டு அடி பின்னாடி வந்து அங்கேயே தரையில உக்காந்துடுங்க. கதவைத் திறந்துக்கிட்டு தனியா வெளியே நடக்காதீங்க, வராண்டாவுல விழுந்து தலையில அடிபடறதுதான் நிஜமான ஆபத்து. முன்பக்கமா டேபிள் மேல சாயவும் கூடாது, அங்கே ஒருத்தர் வயிறு திறந்து கிடக்கு.

இன்னொண்ணு கேக்கணும். அந்த ஹெர்னியாக்காரரை முந்தின நாள் வார்டுல போய்ப் பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்கன்னு நெனைக்கறேன். முந்தின நாளே போய் அவர்கிட்ட பேசி, இருமச் சொல்லி, அந்த வீக்கத்துல கை வச்சு உணர்ந்துட்டு, அப்புறம் தியேட்டர்ல அதே இடத்தைத் திறந்து பாருங்க. துணி மூடின வெறும் ஒரு சதுரமா அது தெரியாது, நேத்து கை வச்ச வீக்கத்துக்கு உள்ளே என்ன இருந்துச்சுன்னு பாக்கற ஆர்வம் வந்துடும், பயம் தானா பின்னாடி போயிடும்.

கேள்வி: எங்க அப்பா வயித்து வலின்னு பெரிய டீச்சிங் ஆஸ்பத்திரியில சேர்ந்தார். காலையிலேர்ந்து ஏழெட்டு ஸ்டூடண்ட்ஸ் வரிசையா வந்து வந்து வயித்தை அமுக்கிட்டுப் போறாங்க, அவர் வலியில துடிக்கறார். வேண்டாம்னு சொன்னா ட்ரீட்மெண்ட்ல குறை வச்சிடுவாங்களோன்னு பயம். மறுக்கலாமா டாக்டர்?

பதில்: தாராளமா மறுக்கலாம், ட்ரீட்மெண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்டூடண்ட் யாரா இருந்தாலும் பேரைச் சொல்லி, நான் மாணவன்னு சொல்லி, தொடலாமான்னு கேட்டு, சரின்னு சொன்னா மட்டும்தான் தொடணும். நோயாளி மயக்கத்துல இருக்கும்போது பழகறதுக்காக உள் பரிசோதனை பண்றதா இருந்தா அதுக்குத் தனியா முன்கூட்டியே சம்மதம் வாங்கணும், இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது.

வலியில இருக்கிறவர் வயித்தை எட்டு பேர் அமுக்கறது பாடமே கிடையாது, அதை அனுமதிச்ச ஆசிரியரைத்தான் நான் குறை சொல்லுவேன். இதைப் படிக்கிற பசங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். அவசர வயித்து வலியில கை வைக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கு. அசையாம மல்லாந்து படுத்திருக்காரா, இல்ல நிலைகொள்ளாம புரண்டு புரண்டு படுக்கறாரா? வயித்துக்குள்ள சீழோ கசிவோ இருந்து உள்சவ்வு அழற்சி ஆனவர் கொஞ்சம் அசைஞ்சாலே வலி தாங்காம கட்டை மாதிரி கிடப்பார், சிறுநீரகக் கல் அடைச்சவர் ஒரு இடத்துல இருக்க மாட்டார். இருமச் சொன்னா எந்த இடத்துல கை வைக்கிறார்னு பாருங்க, பாதி விடை அங்கேயே கெடைச்சுடும். அப்புறம் உள்ளங்கையைத் தேய்ச்சு சூடாக்கிட்டு, வலிக்கிற இடத்துக்கு எதிர்ப் பக்கத்துல ஆரம்பிச்சு, கண்ணை அவர் முகத்துல வச்சுக்கிட்டு மெதுவா தொடுங்க. வயித்தையே பார்த்துக்கிட்டு அமுக்கறவங்களுக்கு அவர் முகம் சுளிக்கிறது தெரியவே தெரியாது.

அப்புறம் உங்க அப்பாவுக்கு வலி ஊசி போட்டாங்களா? வலியை அடக்கினா நோய் மறைஞ்சுடும், சர்ஜன் வந்து பாக்கற வரைக்கும் ஊசி கூடாதுன்னு ஒரு பழைய நம்பிக்கை ரொம்ப காலம் இருந்துச்சு, எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆராய்ச்சி பண்ணிப் பார்த்ததுல அது சரியில்லன்னு ஆயிடுச்சு, வலி குறைஞ்சா அவர் தளர்ந்து படுப்பார், பரிசோதனை இன்னும் நல்லாவே பண்ணலாம். போய்க் கேளுங்க, கேக்கறது உங்க உரிமை.

கேள்வி: ரௌண்ட்ஸ்ல பெட்டு பெட்டா ஓடறோம், ஒவ்வொரு தடவையும் கை கழுவ நேரமே இல்ல மேடம். சீனியர்ஸும் கழுவறதில்ல.

பதில்: 1847-ல வியன்னாவுல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ரெண்டு வார்டு, ஒண்ணு மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் பாக்கறது, இன்னொண்ணு மருத்துவச்சிகள் பாக்கறது. ஸ்டூடண்ட்ஸ் வார்டுல பிரசவ ஜுரத்துல செத்துப்போற தாய்மார் பல மடங்கு அதிகம். செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிச்சார், பசங்க பிணத்தை அறுத்துப் படிச்சுட்டு அதே கையோட நேரா பிரசவம் பார்க்க வந்தாங்க. குளோரின் கலந்த தண்ணியில கை கழுவியே ஆகணும்னு மே மாசம் வச்சார். ஏப்ரல்ல 18 சதவீதம் இருந்த சாவு ஜூன்ல சுமார் 2 சதவீதத்துக்கு வந்துச்சு. அந்தப் பசங்க யாரும் கெட்டவங்க கிடையாது, ஆர்வமா படிக்க ஓடினவங்கதான், உங்களை மாதிரியே.

இப்போ ஒவ்வொரு பெட் காலடியிலயும் கையில தேய்ச்சுக்கற கிருமிநாசினி, ஹேண்ட் ரப், தொங்குது, இருபது முப்பது செகண்ட் போதும், அடுத்த பெட்டுக்கு நடந்துக்கிட்டே தேய்க்கலாம். சீனியர் பண்ணலன்னா நீங்க பண்ணுங்க, அவர் கண்ணுல படற மாதிரியே பண்ணுங்க.

கேள்வி: அடுத்த மாசம் எமர்ஜென்சி போஸ்டிங். தியரியில நல்ல மார்க்தான், ஆனா நிஜமா ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டு ஸ்ட்ரெச்சர்ல வந்தா தலை வெறுமை ஆயிடுது டாக்டர், மொதல்ல என்ன பண்றதுன்னே தோணல.

பதில்: எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும் தம்பி, அதுக்காகவேதான் அந்த ஏ பி சி டி ஈ வரிசையை வச்சிருக்காங்க. மூளை உறைஞ்சு போனாலும் வாய் சொல்லும், கை செய்யும். ஏ, மூச்சுப்பாதை திறந்திருக்கா. பி, மூச்சு எப்படி போகுது. சி, ரத்த ஓட்டம், ரத்தக் கசிவு. டி, நினைவு எப்படி இருக்கு, சுகர் எவ்வளவு. ஈ, துணியை விலக்கி உடம்பு முழுக்கப் பார்த்துட்டு குளிராம மூடுறது. ஒண்ணுல குறை கண்டா அதைச் சரி பண்ணிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். அடிபட்டு ரத்தம் பீறிட்டு வந்தா மட்டும் எல்லாத்துக்கும் முன்னாடி அதை அமுக்கிப் பிடிக்கணும்.

விபத்துல அடிபட்டவங்களை இந்த வரிசையில பாக்கணும்ங்கிற பயிற்சி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா மறக்காது. 1976 பிப்ரவரியில அமெரிக்காவுல ஜேம்ஸ் ஸ்டைனர்னு ஒரு எலும்பு சர்ஜன் குடும்பத்தோட சின்ன விமானத்தை ஓட்டிட்டு வந்தப்போ அது நெப்ராஸ்கா வயல்ல விழுந்துடுச்சு. மனைவி அங்கேயே போயிட்டாங்க, பிள்ளைகளுக்குப் பலத்த காயம். பக்கத்து சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, அங்கே இருந்த டாக்டர்களுக்கு எதை மொதல்ல பாக்கறதுன்னே தெரியல. இது ஆள் மேல தப்பு இல்ல, பயிற்சியே இல்லன்னு அவருக்குப் புரிஞ்சுது. நண்பர்களோட சேர்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கி 1978-ல மொதல் வகுப்பு நடத்தினாங்க, 1980-ல அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி அதை எடுத்துக்கிச்சு, இப்போ உலகம் முழுக்க ஏ.டி.எல்.எஸ்.னு நடக்குது.

ஆனா நீங்க போஸ்டிங் போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பழகிட்டுப் போகணும்னா நான் சொல்றது மூச்சை எண்ணறது. சிரிக்காதீங்க. மானிட்டர் பல்ஸ் காட்டும், பி.பி. காட்டும், ஆக்சிஜன் காட்டும், மூச்சுக் கணக்கை மட்டும் பெரும்பாலான வார்டுல ஆள்தான் எண்ணணும், அதனாலேயே யாரும் எண்ணறதில்ல. சார்ட்டைப் புரட்டிப் பாருங்க, எல்லா பெட்டுலயும் 18, 18, 20, 18. மனுஷங்க எல்லாரும் ஒரே மாதிரியா மூச்சு விடுவாங்க?

நான் இன்டர்னா இருந்தப்போ நடந்தது. குடல் ஆபரேஷன் ஆகி மூணாவது நாள் இருந்த ஒரு அம்மா, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு கண்ணு" ன்னாங்க. பி.பி. நார்மல், ஜுரம் இல்ல, சார்ட்ல மூச்சு 18, அதுல கடைசி 18-ஐ எழுதினது நான்தான். எண்ணாம எழுதினது. ராத்திரி வந்த சீனியர் அக்கா கட்டில்ல உக்காந்து அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு பல்ஸ் பாக்கற மாதிரி ஒரு நிமிஷம் பேசாம நெஞ்சையே பார்த்தாங்க, என் பக்கம் திரும்பி "முப்பத்திரெண்டு" ன்னாங்க. வேற ஒரு வார்த்தை திட்டல. உள்ளே தையல் விட்டு கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே திரும்ப ஆபரேஷன், பொழச்சாங்க. அந்த முப்பத்திரெண்டு இன்னும் என் காதுல இருக்கு.

அந்த அக்கா பண்ணின மாதிரியேதான் எண்ணணும். மூச்சை எண்ணறேன்னு சொன்னா அவங்க மூச்சு மாறிடும், அதனால மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, போர்வை ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் பாருங்க. பெரியவங்களுக்கு 12-லேர்ந்து 20 வரைக்கும் சரி. 25-ஐத் தொட்டுட்டா மத்த நம்பர் எல்லாம் அழகா இருந்தாலும் யாரையாவது கூப்பிடணும், 8-ம் அதுக்குக் கீழயும் அதே மாதிரிதான். உடம்புல சீழ் பரவறதோ, ரத்தம் உள்ளே கசியறதோ, நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைக்கிறதோ, பல நேரம் பி.பி. விழறதுக்கு மணிக்கணக்கா முன்னாடியே மூச்சுதான் சொல்லும்.

கேள்வி: எமர்ஜென்சியில ஷாக்ல, அதாவது ரத்த ஓட்டம் பத்தாம பி.பி. விழுந்து வர்றவங்களுக்கு எந்த கலர் வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல போடற குழாய்) போடணும்?

பதில்: கிடைக்கிற நரம்புக்குத் தகுந்த பெரிசு, ரெண்டு கையிலயும் ஒண்ணு ஒண்ணு. சாம்பல் கலர் 16, இல்லன்னா பச்சை 18, நம்பர் குறைஞ்சா குழாய் தடிமன்னு அர்த்தம். குழாய் அகலம் ரெண்டு மடங்கானா அதுல போற திரவம் பதினாறு மடங்காகும், நீளம் கூடினா குறையும், அதனால குட்டையா தடிமனா இருக்கறதுதான் அங்கே உசுரு காக்கும். நரம்பே கிடைக்கலன்னா பத்து தடவை குத்திக்கிட்டு இருக்காதீங்க, எலும்புக்குள்ள போடற ஊசி இருக்கு, அது தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

கேள்வி: எனக்குக் கை நடுங்குது மேடம். தையல் போடும்போது எல்லாரும் பாக்கறாங்கன்னா இன்னும் மோசம். போதாக்குறைக்கு நான் இடது கை. சர்ஜரியை விட்டுடச் சொல்றாங்க.

பதில்: விட்டுடச் சொன்னவங்க பேச்சை விடுங்க. எல்லார் கையும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், காபி அதிகமானாலோ தூக்கம் இல்லன்னாலோ கூடும், பழக்கம் ஆக ஆக குறையும். அந்தரத்துல கையை வச்சுக்கிட்டு தைக்கிறதாலதான் நடுக்கம் பெரிசா தெரியுது. முழங்கையை உடம்போட ஒட்டி வைங்க, சுண்டுவிரலையோ மணிக்கட்டையோ எங்கேயாவது ஊன்றுங்க, டேபிள் உயரத்தை உங்க முழங்கை மட்டத்துக்குக் கேட்டு வாங்குங்க. கேக்கறதுக்கு வெக்கப்படவே கூடாது.

ஊசியைப் பிடிக்கிற இடம் முக்கியம். முனையிலேர்ந்து பார்த்தா மூணுல ரெண்டு பங்கு தாண்டின இடத்துல, நீடில் ஹோல்டரோட நுனியால பிடிக்கணும். முனையைப் பிடிச்சா மழுங்கும், நூல் சேர்ற கடைசியைப் பிடிச்சா வளையும். தோல்ல நேர்குத்தா, 90 டிகிரியில இறங்கி, அப்புறம் தள்ளாம மணிக்கட்டைத் திருப்பணும், ஊசி வட்டமா இருக்கு, அது போற வழியிலேயே போக விடணும். புதுசா தைக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஊசியை நேரா தள்றது, அப்புறம் தோல் கிழியும், ஊசி வளையும், கை இன்னும் நடுங்கும். இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிக் குத்தினீங்களோ அந்தப் பக்கமும் அவ்வளவு தள்ளி வெளியே எடுங்க. ஃபோர்செப்ஸால தோலை நசுக்காதீங்க, லேசா தூக்கிப் பிடிச்சா போதும். முடிச்சை இறுக்கி இறுக்கிப் போட்டா அழகா இருக்கற மாதிரி தெரியும், மறுநாள் வீங்கும்போது அந்த இடத்துக்கு ரத்தம் போகாம தோல் செத்துடும், ஓரம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்தா போதும்.

வாழைப்பழத் தோல்ல தச்சுப் பழகுங்க, கொஞ்சம் முரட்டுத்தனமா இழுத்தாலும் கிழிஞ்சு காட்டிக்கொடுத்துடும், அதைவிட நேர்மையான வாத்தியார் கிடையாது. முடிச்சு போடறதுக்கு நாற்காலிக் கால் போதும், பேசிக்கிட்டே ஒரு நாளைக்கு ஐம்பது.

இடது கையைப் பத்திச் சொல்லணும்னா, நீடில் ஹோல்டர் பூட்டு வலது கட்டைவிரலுக்காக செஞ்சது, அதனால இடது கையில அது திறக்கறதுக்கு மக்கர் பண்ணும். உள்ளங்கையில வச்சுத் திறக்கற ஒரு பிடி இருக்கு, இடது கைக்காரங்களுக்குன்னே தனி இன்ஸ்ட்ருமெண்ட்டும் இருக்கு. உங்க டிபார்ட்மெண்ட்ல இடது கை சர்ஜன் ஒருத்தராவது இருப்பாங்க, அவங்களைத் தேடிப் பிடிச்சு பக்கத்துல நில்லுங்க, அஞ்சு நிமிஷத்துல அவங்க காட்டறதை வலது கைக்காரங்களான நாங்க அஞ்சு வருஷமானாலும் காட்ட முடியாது.

கேள்வி: ஒண்ணு பாரு, ஒண்ணு செய், ஒண்ணு சொல்லிக் கொடுன்னு சர்ஜரியில சொல்லுவாங்களே, பொம்மையில பழகறதெல்லாம் நேர விரயம்னு எங்க சீஃப் சொல்றார். உண்மையா?

பதில்: உங்க சீஃப் மேல மரியாதை உண்டு, இந்த விஷயத்துல ஒத்துக்க முடியாது. அந்தப் பேச்சை ஹால்ஸ்டெட்னு ஒரு அமெரிக்க சர்ஜன் பேர்ல சொல்லுவாங்க, ஆனா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில 1889-லேர்ந்து அவர் ஆரம்பிச்ச முறையில ஒருத்தர் பல வருஷம் கூடவே இருந்து, பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமா கூடித்தான் தனியா கத்தி பிடிக்க முடியும். ஒண்ணைப் பார்த்துட்டு ஒண்ணைச் செய்யறதுக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்.

மொதல் தடவை தப்பு பண்றது நிச்சயம். அந்தத் தப்பை யார் உடம்புல பண்றோம்ங்கறதுதான் கேள்வி. சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்னவங்க நெஞ்சை அமுக்கி மூச்சு கொடுக்கறது, அதைப் பழகற அந்தப் பொண்ணு பொம்மை இருக்கே, அதை 1960-ல நார்வேயில லேர்டால்னு ஒரு பொம்மை தயாரிக்கிறவர் செஞ்சார். அதோட முகம், பாரிஸ்ல சேன் நதியில கிடைச்சதா சொல்லப்படற, பேர் தெரியாத ஒரு பொண்ணோட முகத்துலேர்ந்து எடுத்தது. அந்த முகத்து மேல குனிஞ்சு உலகம் முழுக்க கோடிக்கணக்கானவங்க பழகியிருக்காங்க. அதை நேர விரயம்னு எப்படிச் சொல்றது? பொம்மையில கை பழகினாத்தான் நிஜ நோயாளிகிட்ட போகும்போது கண்ணும் காதும் அவர் பக்கம் இருக்கும், இல்லன்னா கவனம் மொத்தமும் ஊசி முனையிலேயே நின்னுடும்.

கேள்வி: தியேட்டர்ல சீனியர் சர்ஜனோட கிருமி நீக்கின கவுன் கை, கிருமி நீக்காத லைட் ஸ்டாண்டுல பட்டதை நான் மட்டும் பார்த்தேன். சொல்லல. மூணு நாள் கழிச்சு அந்த நோயாளிக்குக் காயம் சீழ் பிடிச்சிருச்சு. அதனாலதானான்னு தெரியல, ஆனா தூங்க முடியல.

பதில்: அதனாலதானான்னு யாராலயும் சொல்ல முடியாது, காயம் சீழ் பிடிக்க நூறு காரணம் இருக்கு. ஆனா இது உங்களை உறுத்துதுங்கறது நல்லது, அந்த உறுத்தலை வீணாக்காதீங்க.

2005-ல இங்கிலாந்துல 37 வயசு அம்மா ஒருத்தங்க சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போனாங்க. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக் குழாய் போட முடியல, முகத்துல மாஸ்க் வச்சும் காத்து போகல. அனுபவமுள்ள டாக்டர்கள் சுத்தி நின்னு திரும்பத் திரும்ப குழாய் போடவே முயற்சி பண்ணினாங்க, நேரம் போனதே தெரியல. கழுத்துல துளை போட்டு மூச்சுக் கொடுக்கணும்னு அங்கே இருந்த நர்ஸ்களுக்குத் தோணியிருக்கு. ஒருத்தங்க அந்த செட்டைக் கொண்டு வந்து ரெடியா இருக்குன்னுகூட சொன்னாங்க, யாரும் காதுல வாங்கல. இன்னொருத்தங்க ஐ.சி.யூ.வுல பெட் சொல்லிட்டு, மத்தவங்க பார்த்த பார்வையில அதைத் திரும்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 13 நாள் கழிச்சு அந்தம்மா இறந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் மார்ட்டின் ப்ரோமிலி விமான பைலட். விமானத்துல ஜூனியர் வாய் திறக்கறதுக்கே தனிப் பயிற்சி கொடுக்கறாங்க, தியேட்டர்ல ஏன் இல்லன்னு கேட்டார், யாரையும் தண்டிக்கச் சொல்லாம அதைச் சொல்லிக் கொடுக்கறதுக்காக ஒரு அமைப்பையே தொடங்கினார்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்த சர்ஜரி செக்லிஸ்ட்ல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் பேரையும் வேலையையும் வாய் விட்டுச் சொல்லணும்னு வச்சிருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், ஒரு தடவை பேசினவங்க ரெண்டாவது தடவை சுலபமா பேசுவாங்க. எட்டு நகரங்கள்ல அதை வச்சுப் பார்த்தப்போ சாவு 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8-க்கு இறங்கினதா 2009-ல வெளியிட்டாங்க. அந்த நேரத்துல ஸ்டூடண்ட்டும் பேர் சொல்லணும். "நான் மூணாவது வருஷ மாணவி, பார்க்க வந்திருக்கேன்" னு சத்தமா சொல்லுங்க.

கவுன் பட்ட மாதிரி விஷயத்துக்கு நீளமா பேச வேண்டாம். "சார், உங்க வலது கை லைட்ல பட்டுச்சு." அவ்வளவுதான், மன்னிப்பு, முன்னுரை எதுவும் வேண்டாம். என்கிட்ட ஒரு பையன் அப்படிச் சொன்னான், எனக்குப் பட்ட ஞாபகமே இல்ல, கவுனும் க்ளவுஸும் மாத்திக்கிட்டு வந்தேன், ரெண்டு நிமிஷம் போச்சு. சொல்றதுக்கு பயமா இருந்தா ஸ்க்ரப் நர்ஸ் காதுல சொல்லுங்க, அவங்க சொல்லுவாங்க.

கேள்வி: தையல் போடும்போது நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரல்ல குத்திருச்சு. திட்டுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. ஒரு நாள் ஆச்சு.

பதில்: உங்களுக்கு பத்திரிகை அச்சாகிற வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே பதில் அனுப்பிட்டேன், நீங்களும் போய்ப் பார்த்துட்டதா எழுதியிருந்தீங்க, ரொம்ப நிம்மதி. மத்தவங்களுக்காக இங்கே. குத்தினதும் க்ளவுஸைக் கழட்டி ஓடற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவுங்க, பிதுக்காதீங்க, வாயில வைக்காதீங்க, அப்பவே சொல்லுங்க. எச்.ஐ.வி. இருக்கறவங்களோட ஊசி குத்தினாக்கூட தொத்தறது சராசரியா ஆயிரத்துல மூணு பேருக்குத்தான், ஆனா தடுப்பு மாத்திரையை சில மணி நேரத்துலயே ஆரம்பிக்கணும், 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, 28 நாள் சாப்பிடணும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவங்களுக்கு ஆபத்து இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம், 30 சதவீதம் வரைக்கும் போகலாம், அதனால வார்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் தடுப்பூசியை முடிச்சிருக்கணும். இதுல திட்டற ஆசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க திட்டுக்கு பயந்துதான் ஒரு பொண்ணு ஒரு நாள் முழுக்க மறைச்சு வச்சிருந்தா, தயவுசெஞ்சு அதை நெனச்சுப் பாருங்க.

கேள்வி: ராத்திரி ரெண்டு மணிக்கு சீனியருக்கு போன் பண்ணினா எரிஞ்சு விழறார். எப்போ கூப்பிடலாம், எப்போ கூடாது?

பதில்: கூப்பிடலாமா வேண்டாமான்னு ரெண்டு தடவை யோசிச்சீங்கன்னா, கூப்பிட வேண்டிய நேரம் வந்தாச்சுன்னு வச்சுக்கோங்க. எரிஞ்சு விழறது அவரோட தப்பு, ஆனா என்ன சொல்றீங்கங்கறது உங்க கையில. "சார், பெட் 12 கொஞ்சம் டல்லா இருக்கார்" னு ஆரம்பிச்சா தூக்கத்துல இருக்கறவருக்கு என்ன புரியும்? அமெரிக்கக் கடற்படையில நீர்மூழ்கிக் கப்பல்ல பயன்படுத்தின ஒரு முறையைத்தான் இப்போ ஆஸ்பத்திரிகள்ல எஸ்பார்னு சொல்லிக் கொடுக்கறாங்க. அதுல வரிசையா நாலு விஷயம் சொல்லணும்: இப்போ என்ன நடக்குது, அவர் யாரு எதுக்கு வந்தார், எனக்கு என்னன்னு தோணுது, நீங்க என்ன பண்ணணும்.

"சார், நான் சர்ஜரி வார்டு இன்டர்ன். பெட் 12-க்கு மூச்சு 30, பல்ஸ் 124, பி.பி. 92-க்கு 50, ஒரு மணி நேரமா மோசமாயிக்கிட்டே வருது. பெருங்குடல் ஆபரேஷன் ஆகி அஞ்சாவது நாள். வயிறு இறுகி இருக்கு, உள்ளே கசியுதோன்னு சந்தேகப்படறேன். ஆக்சிஜன் போட்டு ட்ரிப்ஸ் ஆரம்பிச்சு ரத்தம் எடுத்தாச்சு. நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார்."

இருபது செகண்ட்தான். போன் எடுக்கறதுக்கு முன்னாடி நம்பரை எல்லாம் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி கையில வச்சுக்கோங்க, கேஸ்ஷீட்டும் பக்கத்துல இருக்கட்டும். கடைசி வரி ரொம்ப முக்கியம், நிறைய பேர் நிலைமையைச் சொல்லிட்டு நிறுத்திடுவாங்க, வரணும்னு கேக்கவே மாட்டாங்க, அவரும் சரி பாத்துக்கோன்னு வச்சிடுவார். அவர் எடுக்கலன்னா அவருக்கு மேல இருக்கறவர், அதுக்கும் மேல இருக்கறவர். பேசின நேரத்தையும் அவர் சொன்னதையும் கேஸ்ஷீட்ல எழுதுங்க.

கேள்வி: போன வாரம் மொதல் தடவை நிஜமா சி.பி.ஆர். பண்ணினேன். என் கைக்குக் கீழ அவர் விலா எலும்பு உடைஞ்சது தெரிஞ்சுது. அரை மணி நேரம் பண்ணியும் பொழைக்கல. நான் சரியா அமுக்கலையோ மேடம்? வெளியே வந்து பாத்ரூம்ல அழுதேன்.

பதில்: விலா உடைஞ்சுதுன்னா ஆழமா அமுக்கியிருக்கீங்கன்னு அர்த்தம் கண்ணு. அஞ்சு செண்டிமீட்டர் இறங்கணும், ஆறைத் தாண்டாம, நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்தணும். பெரியவங்களுக்கு அப்படி அமுக்கினா விலா உடையறது சகஜம். நீங்க எழுதினதுல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறினோம்னு இருக்கு, ஒரு சிஸ்டர் சத்தமா எண்ணினாங்கன்னு இருக்கு, எனக்கு இதுல தப்பு எதுவும் தெரியல. ஆஸ்பத்திரிக்குள்ளயே இதயம் நின்னாக்கூட பொழச்சு வீட்டுக்குப் போறவங்க நல்ல இடத்துலயே நாலு பேர்ல ஒருத்தர்தான், பல இடத்துல இன்னும் கம்மி. சினிமாவுல காட்டற மாதிரி எழுந்து உக்காருவாங்கன்னு யாரும் உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது.

அழுததுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பாத்ரூம்ல தனியா அழாதீங்க. முடிஞ்சதும் அந்த டீம் ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு என்ன நடந்துச்சு, எது நல்லா போச்சுன்னு பேசணும், பேசலன்னா அன்னைக்கு லீட் பண்ணினவர்கிட்ட நாளைக்கே போய் "அதைப் பத்தி எனக்குப் பேசணும்" னு கேளுங்க. பெரும்பாலும் அவரும் யார்கிட்டயாவது பேசலாம்னுதான் காத்துக்கிட்டு இருப்பார். ஒரு வாரம் ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, அந்தச் சத்தமே காதுல கேட்டுக்கிட்டு இருக்குன்னா, ஒரு கவுன்சலர்கிட்ட போங்க, நானும் போயிருக்கேன்.

கடிதத்துல கடைசியா, அவர் மனைவி வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, யாரும் பக்கத்துல போகல, நான் போய் உக்காந்தேன், என்ன பேசறதுன்னு தெரியாம கையை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்னு எழுதியிருந்தீங்க. அதை யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க? அடுத்த கடிதத்துல எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.